கப்பலூர் எடைமேடை, இரவுப் பணி

இரண்டு மணி இருபது நிமிடம்.
விருதுநகர்ப் பக்கமிருந்து வந்த மல்லி லாரி
மேடையில் ஏறி நின்றதும்
திரை ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டுக் காட்டியது:
2147483647 கிலோ.

சோணைமுத்து கேபினிலிருந்து குதித்து வந்து
ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தார்.
"என்னம்மா, யானைமலையவா ஏத்திட்டு வந்திருக்கேன்?"

மலையின் எடை எனக்குத் தெரியாது.
இந்த எண்ணைத் தெரியும்.
முப்பத்தொரு விளக்குகள் வரிசையாய்;
முதல் விளக்குக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு,
பிறகு நான்கு, எட்டு...
அத்தனையும் சேர்ந்து எரிந்தால் இது.
எந்திரத்துக்கு இதற்குமேல் எண்ணத் தெரியாது.
இன்னும் ஒரு கிலோ போட்டால்
முப்பத்தொன்றும் அணைந்து
கோடியில் ஒற்றை விளக்கு எரியும்.
அது கழித்தல் குறி.

"மூணு பேரு சரக்கு. மூணாப் பிரிச்சா?"
ஒன்று மீதி.
"ஏழா?"
ஒன்று மீதி.
"பதினொண்ணு?"
அதற்கும் ஒன்று.
"மாசம் முப்பத்தொரு நாளைக்கும் பிரிச்சுப் பாரு."
பார்த்தேன். ஒன்றேதான்.
ஐந்துக்கு மட்டும் இரண்டு மிஞ்சியது,
அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லி
சுழியத்தை அழுத்தி, திரும்ப ஏற்றினேன்.
14280.
சொன்னபேச்சுக் கேட்கிற எண்.
இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு,
பதினேழு வந்து நின்றாலும் பங்கு கொடுக்கும்.
லாரியோடு சேர்த்து அறுத்தால்
தலைக்கு 4760 என்றேன்.
சிரித்தார். அறுபது ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒருவரும் வரவில்லை.
தப்பான சீட்டைத் திருப்பிப்போட்டு வகுக்க உட்கார்ந்தேன்.
நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் வரை போனால் போதும்.
அதிலும் எல்லாரையும் கூப்பிட வேண்டியதில்லை:
இருநூற்று நாற்பத்தெட்டால் வகுக்கையில்
ஒன்றோ அறுபத்து மூன்றோ மிஞ்சும்
பகா எண்கள் மட்டும் வாசலுக்கு வரலாம்.
எண்பது பேருக்குக் கொஞ்சம் மேலே.

311 வந்தது. மீதி 35.
1303. மீதி 226.
1489 நம்பிக்கையோடு வந்தது,
199-ஐ மேசையில் வைத்துவிட்டுப் போனது.

யாராலும் முடியாதென்று
எப்போதோ நிரூபித்துவிட்டார்கள்.
இருந்தாலும் நானும் ஒருமுறை
கேட்டுப் பார்க்க வேண்டாமா?

பதினாறாவது ஆளிடம் நிற்கையில் கரண்ட் போனது.
நான்குவழிச் சாலை விளக்குகள் மொத்தமும் அவிந்து
தூரத்தில், டோல்கேட் பக்கம்,
ஜெனரேட்டரில் ஒன்றே ஒன்று.

இருட்டில் சிரித்தேன்.
சொல்வதற்கு ஆள் இல்லை.

காலையில் முதலாளி நைனார் முகம்மது
சீட்டுக்கட்டைப் புரட்டுவார்.
ரத்தான சீட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு.
செல்போன் வெளிச்சத்தில் எழுதிவைத்தேன்:
ஒன்றையும் தன்னையும் தவிர
காரணி இல்லை.