ஐயாயிரத்துக்கு மேல்

துர்க்கு நகரில் பிப்ரவரி.
அவுரா ஆறு வெள்ளைக் கல்லாகிக் கிடந்தது.
லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாவது மாடி.
நானும் என் பெட்டியும் ஏறினோம்.
பெட்டிக்குள் ஒரு குட்டித் தராசு,
ஒரு பூதக்கண்ணாடி, வைர முள் மூன்று,
நகப்பூச்சுத் தூரிகை ஒன்று.
(எதற்கென்று கேட்காதீர்கள், தொழில் ரகசியம்.)

முள் பொருத்துவது என் பிழைப்பு.
ஒன்றே முக்கால் கிராம் அழுத்தம்.
கூடினால் தட்டின் தோலை உரிக்கும்,
குறைந்தால் வரியில் நிற்காமல்
குடிகாரனைப்போல் பக்கத்து வீட்டுக்குள் போகும்.
பாதிக் குன்றிமணி எடை பெறாத இந்த விவகாரத்துக்கு
பெட்ரோல் காசும் சேர்த்துத் தருகிறார்கள்.

ரவுனோ ஹெய்ஸ்கனன் கதவைத் திறந்தார்.
சுவரெல்லாம் இசைத்தட்டு, நாலாயிரத்துச் சொச்சம்.
தளம் தாங்காது என்று குடியிருப்போர் சங்கம்
எழுதிய கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.
காரை விற்று வாங்கிய ஆம்ப்ளிஃபயரில்
ஆறு குழல்கள் தணல்போல் கனிந்திருந்தன.
"பஸ் நிறுத்தம் பக்கம்தானே" என்றார்,
நான் எதையும் கேட்காதபோதே.

புதிதாக வந்திருந்தது ஒரு ஜோடி ட்வீட்டர்.
டென்மார்க்கில் ஒருவர் கையால் செய்தது,
எட்டு மாதக் காத்திருப்பு.
வெங்காயச் சருகைவிட மெல்லிய அலுமினிய நாடா.
நாற்பதாயிரம் ஹெர்ட்ஸ் வரை தொடும் என்றது அட்டை.
அட்டைக்குப் பக்கத்தில், காபிக் கறையோடு,
அன்று காலை காது டாக்டர் கொடுத்த தாள்.

தாளில் ஒரு கோடு.
சமதரையில் நன்றாகத்தான் நடந்து வருகிறது.
ஐயாயிரத்தில் கால் இடறி விழுகிறது.
பிறகு எழவில்லை.

கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருஷம்
இரும்புத் தகட்டைத் தேய்த்த காது.

"திருப்பி அனுப்பலாம், பதினான்கு நாள் இருக்கிறது"
என்றேன்.
"பொருத்து, இங்கெலா."

பொருத்தினேன்.
அவர் ஒரு தட்டை எடுத்தார், உறை ஓரம் நைந்தது.
இரண்டாம் பக்கம், நாலு வயலின்,
சாவு வீட்டு வாசல்போல் நீண்ட அமைதி,
முடிவில் முக்கோண மணி ஒன்று
ஒரே ஒரு முறை.
அந்த ஒன்றுக்காகவே
இதுவரை மூன்று ஸ்பீக்கர் மாற்றியிருக்கிறாராம்.

உட்கார்ந்தோம்.
வயலின்கள் வந்தன, போயின.
அமைதியும் வந்தது.
ரவுனோ ஒற்றை விரலைத் தூக்கினார்,
மணி அடித்தது,
விரல்தான் அடித்ததுபோல.
குளிரில் கண்ணாடி விரியும் சத்தம் மாதிரி
அது என் பல்லில் பட்டது.

அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை.
மேசைக்கடியில் படுத்திருந்த நாப்பியைப் பார்த்தார்.
அதன் இரண்டு காதும் எழுந்தன.
தலை ஒருபக்கம் சாய்ந்தது.
மணி எனக்கு ஓய்ந்த பிறகும்
நாய்க்கு ஓயவில்லை. அப்படியே நின்றது,
யாரோ அதன் பேரைத் தூரத்தில் சொல்வதுபோல்.

"வந்ததா?" என்றார்.
என்னையா நாயையா, தெரியவில்லை.
"வந்தது" என்றேன்.
"பில்லை நாய் பேரில் போடு!" என்று
சமையலறையிலிருந்து தூய்ரே கத்தினாள்.
அதுவும் அவருக்குக் கேட்கவில்லை,
அல்லது முப்பது வருஷப் பழக்கம்.

பிறகு அவர் கேட்டதை
நான் யாருக்கும் செய்ததில்லை.
ஸ்பீக்கர்களின் பின்காலில் நாணயம் கொடுத்து
முன்பக்கம் சாய்த்தேன்.
குறி இப்போது அவருடைய தோல் நாற்காலி அல்ல.
கம்பளத்தில், ரோமம் ஒட்டிய
ஒரு முழ இடம்.

நாப்பி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டது.
மீன் வாசனை.
"வரும்" என்றார் ரவுனோ,
மறுபடியும் முள்ளை இறக்கியபடி.

கீழே, பனியில், கார்ச் சாவிக் கொத்தை
காதோரம் ஆட்டிப் பார்த்தேன்.
கேட்டது.
இடது பக்கமும் ஆட்டினேன்.