யூரியா இருப்புப் புத்தகம்

அறுகுக்குப் பசி அதிகம்.
ஒரு மழை ஓய்ந்து மறு மழை தொடங்கும் இடையில்
ஆறு வாரத்துக்கு ஒரு தரம் கேட்கும்.
கொடுத்தால் மூன்றாம் நாளே
வெட்டு வெட்டு என்று நிற்கும்.

சொய்சியா அப்படியில்லை.
சித்திரையில் கொஞ்சம், ஐப்பசியில் கொஞ்சம்.
மேலே ஊட்டினால் அடியில் மெத்தை கட்டி
தண்ணீரை வேருக்கு விடாது.

கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால்
யாரும் நடாமல் படர்ந்த அகல இலைப் புல்லை
லயனல் பொட்டுதண என்பான்.
அதற்கு வருஷத்துக்கு ஒரு பிடி.
மறந்தாலும் கோபிக்காது.

வைகாசிக் கடைசியில் ஒன்றுக்கும் போடக்கூடாது.
தென்மேற்கு மழை இறங்கினால் மூட்டைக் காசு
வடிகாலோடு ஓடிப்போய்
எங்கோ ஒரு வாவியைப் பச்சையாக்கும்.
மாசி வெயிலிலும் கூடாது, நுனி கருகும்.
இலை காய்ந்திருக்க வேண்டும்
மண் நனைந்திருக்க வேண்டும்
தூவுகிற கை
எதையும் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

பத்தொன்பது வருஷம் பொரளைக் கழகத்தில்
நான் படித்தது இவ்வளவுதான்.

பிறகு
கடைகளில் யூரியா இல்லாத வருஷம் வந்தது.
எங்கள் ஸ்டோரில், ரோலருக்குப் பின்னால்,
கிழிந்த டெனிஸ் வலையால் மூடி
ஒரு மூட்டை.
வீரக்கோன் ஐயா சாவியை என் கையிலேயே தந்தார்.
"தையில் நாலு கல்யாணம் இருக்கு,
அறுகை மட்டும் காப்பாத்து."

கார்த்திகையில் ஒரு மாலை
154இல் நசுங்கி நிற்கும்போது போன் அடித்தது.
அக்கராயனிலிருந்து தங்கச்சி புருஷன் சத்தியசீலன்:
"மச்சான், பயிர் மஞ்சளடிக்குது.
குடலைக்கு முந்திக் கொஞ்சமாவது வேணும்.
கொழும்பிலை எங்கையும் கிடக்குமோ?"
பார்க்கிறேன் என்றேன்.
கம்பியைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தேன்.
நகக்கண்ணில்
வெள்ளையாக ஒரு குருணி.

யாருக்கு என்று லயனல் கேட்கவில்லை.
"பாதி எனக்கு" என்றான்,
அவன் மாமனாருக்கும் வயல், திஸ்ஸமஹாராமப் பக்கம்.
பெயின்ற் டின்னால் அளந்தோம்.
உனக்கொன்று எனக்கொன்று,
கடைசி டின்னில் அரைவாசிதான் வந்தது,
அதற்கும் தராசு மாதிரி
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
தரையில் சிந்தியதைக் கூட்டி சொய்சியாவுக்குப் போட்டோம்.
என் பங்கு வெள்ளவத்தை இரவு பஸ்ஸில்
பிஸ்கட் பெட்டிக்குள் வடக்கே போனது.
கண்டக்டருக்கு ஐந்நூறு.

புத்தகத்தில் எழுதினேன்:
நவம்பர் 12. அறுகு. ஐம்பது கிலோ.
எழுத்து வழக்கத்தைவிட
அழகாகவே விழுந்திருந்தது.

தை பிறந்தபோது
மைதானம் பழைய பாயின் நிறத்தில் கிடந்தது.
முதல் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்
வீரக்கோன் ஐயா சப்பாத்து நுனியால் புல்லைத் தட்டினார்.
"என்ன இது?"
"தூங்குது ஐயா.
இந்தச் சாதி குளிர் நாடுகளில்
நாலு மாதம் தூங்குமாம்."
"கொழும்பில் ஏது குளிர்?"
"பனி விழுகுதே ஐயா, விடியப்புறம்."
அவர் என்னைப் பார்த்தார்.
புல்லைப் பார்த்தார்.
மேடையைச் சொய்சியாப் பக்கம் மாற்றச் சொன்னார்.

அக்கராயனில் விளைச்சல் பாதிதான்.
பாதியாவது வந்ததே என்றாள் தங்கச்சி.
லயனலின் மாமனார் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அடுத்த சித்திரை கழிந்து
முதல் இடிமழைக்கு மறுநாள்
புது மூட்டை வந்தது, விலை பலமடங்கு.
இலை காய்ந்திருந்தது.
மண் நனைந்திருந்தது.
வாளியை இடுப்பில் இடுக்கி
வடக்கு மூலையிலிருந்து தொடங்கினேன்.
ஒவ்வொரு பிடிக்கும்
அது எத்தனை வரம்புக்குக் காணும் என்று
கை தானாகக் கணக்குப் பார்த்தது,
இறுகிற்று, விட்டது, இறுகிற்று.

பத்து நாளில் மைதானம் முழுக்க
பட்டை பட்டையாகப் பச்சை.
கையிறுகிய இடம் மஞ்சள்,
விட்ட இடம் கடும்பச்சை.
மாடியிலிருந்து பார்த்தால்
யாரும் வாசிக்கலாம்.