பதினைந்து குதிரை வலு

பயிற்சியின் மூன்றாம் நாள்.
கடல் பக்கத்துச் சன்னல்களை மூடியிருந்தார்கள்,
காற்று தாள்களைக் கிளப்புகிறதென்று.

எனக்குத் தாதி வேடம்.
பன்னிரண்டு வருடமாய்த் தாதிதான் நான்,
ஆனாலும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
ருவந்தி நோயாளியின் மனைவி.
சேருநுவரக்காரி,
கட்டில் விரிப்பைத் தலையில் போர்த்துக்கொண்டு
உடைந்த தமிழில் அழுதாள்.
எல்லாரும் சிரித்தோம்.
பிறகு சிரிக்கவில்லை.

தாளில் இருந்தது:
முதலில் உட்காருங்கள்.
பெயரைக் கேளுங்கள்.
அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு
உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.
மௌனத்துக்குப் பயப்படாதீர்கள்.

மௌனம் வரை சரியாகச் செய்தேன்.
கை தட்டினார்கள்.
தேநீர் வந்தது, சீனி கூட.

அன்றிரவு ஏழாம் வார்ட்.
பத்தொன்பதாம் கட்டிலில்
வலப்பக்கம் விழுந்துபோன மீனவர்.
மணி அடித்து எல்லாரும் போன பிறகும்
அவர் மனைவி போகவில்லை.
கிண்ணியா பஸ்ஸும் போயிருக்கும்.
இருந்தது ஒரே ஸ்டூல், அதில் அவளுடைய பிளாஸ்க்.
நான் நிலத்தில் குந்தினேன்.
பெயர் கேட்டேன். மஸாஹிரா.
என்ன தெரியும் என்று கேட்டேன்.

"டொக்டர் எல்லாம் சொன்னார் மிஸ்,
விளங்கின மாதிரித்தான்.
எனக்கு ஒண்ட மட்டும் சொல்லுங்க.
போட் எஞ்சின் வாங்க நாளைக்கு ஆள் வருது,
இறக்கண்டியில இருந்து.
பதினஞ்சு குதிர வலு.
விக்கவா, வேணாமா?"

தாளில் அது இல்லை.
அவர் கையைப் பார்த்தேன்.
ஸ்டார்ட் கயிறு இழுத்துக் காய்த்த கை,
விரிப்பின்மேல்
யாரோ மறந்துவிட்டுப் போன கையுறைபோல.

பயந்தேன், மௌனத்துக்குத்தான்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.
"காலையில் டொக்டர் வரும்போது
இதே கேள்வியை, இதே சொல்லில்,
உங்களோடு நின்று கேட்கிறேன்.
அந்த ஆளை ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்கோ."

பிளாஸ்க் மூடியில் தேயிலை ஊற்றித் தந்தாள்.
சீனியில்லை.
வீட்டில் இப்ப எல்லாருக்கும் அப்படித்தானாம்.
கடமை நேரத்தில் குடிக்கக்கூடாது. குடித்தேன்.

நாலாம் நாள்
ருவந்தி மறுபடி விரிப்பைப் போர்த்தபோது
பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல்
எஞ்சினை மட்டும் அவள் காதில் சொன்னேன்.
அவள் கேட்டாள்.
இருபத்திரண்டு தாதிமார்,
ஒரு கை எழவில்லை.
பயிற்சி தர வந்தவர்
பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

பின்வரிசையில் சல்லிக் கோபிதரன்
தொண்டையைச் செருமிக்கொண்டு
ருவந்தியிடம் கேட்டான்,
"அக்கா, அந்த எஞ்சின்
வாங்கி எத்தினை வருசம்?"

அங்கிருந்துதான் தொடங்கினோம்.