நாற்பதில் கொதிக்கும் வண்டி

எண்பதில் போனால் முள் நடுவிலேயே நிற்கும்.
நாற்பதில் போனால் ஏறும்.
இதை நான் சொன்ன எவரும் நம்பவில்லை.
"நிக்கிறதைவிட ஓடுறதுல சூடேறுமா?
நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."
யோசித்துத்தான் சொன்னேன்.

திருமங்கலத்தில் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள்.
சிம்மக்கல்லில் ரேடியேட்டரே புதுசு,
ஆறாயிரத்து எண்ணூற்றைம்பது.
வாடிப்பட்டிக்காரர் அந்தப் புது தெர்மோஸ்டாட்டையும் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்து
"இது இல்லாமலே ஓட்டிப் பாருங்க" என்றார்.
டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது இன்னும்,
பித்தளையில் ஒரு குட்டிக் காளான்.
நான்காமவர் பானட்டைத் திறக்கவே இல்லை.
ஹெட் கேஸ்கட், இருபத்திரண்டாயிரம் என்றார்
டீயை உறிஞ்சிக்கொண்டே.

சித்திரை மாதம், பகல் பன்னிரண்டரை.
மாட்டுத்தாவணி தாண்டி ஒத்தக்கடை நெரிசல்.
பின்சீட்டில் மேலூர் போகும் ஏழைகாத்தாளும் தங்கச்சியும்;
இடது கண்ணில் நேற்று ஆபரேஷன்,
அதன்மேல் பச்சைத் துணி.
முள் சிவப்பைத் தொட்டதும்
ஹீட்டரைப் போட்டேன்.
எஞ்சின் சூட்டை ஆள்மேல் இறக்கும் வித்தை.
தங்கச்சி என்னைப் பெயர் சொல்லாமல் திட்டினாள்.
ஏழைகாத்தாள் மட்டும் நிதானமாகக் கேட்டாள்:
"தம்பி, புகை வருதா,
இல்ல என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதா?"

ஜெய்லானியின் ஷெட்டுக்குப் பின்னால் யானைமலை.
காலையிலிருந்தே கொதிக்கிறது அதுவும்,
மூடியைத் திறக்கத்தான் யாருமில்லை.
நான் ரேடியேட்டர் மூடியில் துண்டைப் போட்டுத் திருகப் போனேன்.
"கையை எடுங்கண்ணே. சோத்துப் பானையா இது?"
முக்கால் மணி நேரம் எதையும் தொடவில்லை அவன்.
பக்கத்து ஆட்டோவுக்கு பிரேக் ஷூ மாட்டினான்.

பிறகு ஆயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தான்.
"பால் கலக்கலை. கேஸ்கட் நல்லா இருக்கு."
தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்து
மறுபடி காத்திருந்தான்.
டக்கென்று ஃபேன் விழுந்தது.
இந்த இடத்தில்தான் நான்கு பேரும்
"ஃபேன் ஓடுது" என்று நகர்ந்தார்கள்.
இவன் வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்தான்,
முகத்தைக் கொடுத்து.

"பேப்பர் இருக்கா?"
சிம்மக்கல் பில்லைக் கொடுத்தேன்.
கிரில்லில் வைத்துக் கையை எடுத்தான்.
ஒட்டியிருக்க வேண்டும்.
பறந்தது,
கிரீஸ் டப்பா தாண்டி, ஏழைகாத்தாளின் காலடிக்கு.

"சுத்துதான்னு பாத்துருக்காய்ங்க.
எந்தப் பக்கம்னு பாக்கலை.
உள்ள இழுக்க வேண்டியது வெளிய ஊதுது.
நாப்பதுல ரோட்டுக் காத்தும் இதுவும் சமபலம்,
நடுவுல காத்தே இல்லை.
எண்பதுல ரோடு ஜெயிச்சுரும்."

எங்கள் வீட்டில் அப்படிச் சில சாயங்காலங்கள் உண்டு.

ஃபேன் ஒயரில் சிவப்பு டேப் சுற்றிய இரண்டு முடிச்சு.
"யாருண்ணே இதை மாத்திக் குடுத்தது?"
கார்த்திகை மழை. எலி கடித்த ராத்திரி.
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு நான்.
இரண்டு ஒயரும் கறுப்பு,
இரண்டில் ஒன்று சரியாகத்தானே இருக்கும் என்று.
"உசிலம்பட்டியில ஒருத்தன்" என்றேன்.

துணி தேடி டேஷ்போர்டைத் திறந்தான்.
காளானோடு சேர்ந்து
சிவப்பு டேப் உருண்டு வந்தது.
அவன் டேப்பைப் பார்த்தான்.
நான் யானைமலையைப் பார்த்தேன்.
ஒயரை இடம் மாற்றி
அந்த டேப்பையே கிழித்துச் சுற்றி
மிச்சத்தை என் கையில் கொடுத்தான்.
"நூறு ரூபா குடுங்க.
உசிலம்பட்டிக்காரன் டேப்பு நல்ல டேப்பு."

ஏழைகாத்தாள் பில்லைப் பொறுக்கி
ஒற்றைக் கண்ணால் குறிபார்த்து
கிரில்லில் வைத்தாள்.
"ஒட்டிக்கிருச்சு தம்பி."

மேலூர் வரை நாற்பதைத் தாண்டவில்லை.
லாரிகள் ஹாரன் அடித்துக் கடந்தன.
முள் நடுவில்.
"வண்டிதான் சரியாயிருச்சே," என்றாள் பின்னாலிருந்து,
"பெறகு ஏன் இப்படி உருட்டிக்கிட்டு வர்ற?"