ஒலிப்பதிவு: யுகனேஸ்வரி

மொத்தம் முந்நூற்று நாற்பது ரிங்கிட்.
அதில் எண்பது, தார்விந்தின் அண்ணன் கொடுத்த கடன்.
பேய்க்கு வெள்ளைச் சேலை, பாசார் மாலாமில் பன்னிரண்டு.
ரத்தத்துக்கு ரோஸ் சிரப்பும் மைலோவும்:
மைலோ கலந்தால்தான் காய்ந்த நிறம் வரும்,
ஹேமாஷினியின் கண்டுபிடிப்பு.
எறும்பும் வரும் என்று அவள் சொல்லவில்லை.

கதையை இரண்டு பேர் எழுதினார்கள்,
ஊத்தான் மெலிந்தாங் ஒட்டுக்கடையில்
ஒரே ரொட்டிச் சானாயைப் பிய்த்துக்கொண்டு.
கதையில் ஒருத்தி சாகிறாள், திரும்பி வருகிறாள்.
ஏன் செத்தாள் என்று கேட்டேன்.
"அதெல்லாம் பாகம் ரெண்டுல" என்றான் தார்விந்த்.

என் வேலை ஒலி.
செம்பனைக் குலை அறுக்கும் கம்பில்
அரிவாளைக் கழற்றிவிட்டு மைக்கைக் கட்டினேன்,
காற்றுக்கு உறையாக அப்பாவின் காலுறை.

இடம், மூன்றாம் நம்பர் லயம்.
ஆள் போய்ப் பதினோரு வருடம் என்றார்கள்.
கூரை போன வீடு ஆறு, கூரையுள்ளது ஒன்று.
மழைக்குப் பயந்து அதைத் தேர்ந்தோம்.

ஹெட்போனை மாட்டினால்
தோட்டம் காதுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.
மட்டைக்குள் எலி. கால்வாயில் தவளை.
தூரத்தில் ஆலை, தன்பாட்டுக்கு முனகிக்கொண்டு.
"சைலன்ஸ்" என்று தார்விந்த் கத்தியதைக்
கொசு மட்டும் மதிக்கவில்லை.

நான்காவது டேக்.
ஹேமாஷினி முடியை முகத்தில் தள்ளிக்கொண்டு
கதையில் இல்லாத பின்கதவைத் திறந்தாள்.

யாரும் பார்ப்பதற்கு முன் நான் கேட்டேன்,
ஒரு மூச்சு.
எங்கள் நால்வர் மூச்சும் எனக்குத் தெரியும்,
மாலை முழுக்க அவற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.
இது ஐந்தாவது.
பிடித்து வைத்த மூச்சு.
பிடி நழுவி,
மறுபடி பிடித்து.

கிஷோத்மன் லைட்டைத் திருப்பினான்.
சட்டியில் சோறு. கயிற்றில் ஒரு சட்டை.
சுவரோடு சுவராக ஒருவர்,
இரண்டு கையும் தலைக்கு மேலே.

பேய் "ஐயோ அம்மா" என்று ஓடியது.
அவர் பேயைப் பார்க்கவே இல்லை.
லைட்டைத்தான் பார்த்தார்.
பாஸ்போர்ட் முதலாளியிடம், பாஸ்போர்ட் முதலாளியிடம்,
உடைந்த மலாயில் அதையே சொன்னார்.

தார்விந்த் பள்ளி டீசட்டையை இழுத்துக் காட்டினான்.
சிரித்தார். பிறகு உட்கார்ந்தார்,
கால் நிற்கவில்லை.
பெயர் ரஃபிகுல்.

அதன்பிறகு விடியும்வரை லைட்டைப் பிடித்தது அவர்.
படத்தில் ஆடாத நிழலெல்லாம் அவர் கைவரிசை.
கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டார்:
முகம் வேண்டாம்.
அவர் பார்க்கவே அழித்தான் தார்விந்த்.
முழுப்படத்திலும் அது ஒன்றுதான் நல்ல ஷாட்.
இதை அவன் கணக்கில் எழுதியாக வேண்டும்.

ஒலி என் பெட்டியில் தனியாக இருந்தது.
அதை யாரும் கேட்கவில்லை.

சுவரொட்டி முப்பது.
முடிவெட்டும் கடை, மோட்டார் பட்டறை, பேருந்து நிறுத்தம்.
கோயில் வாசலில் ஒட்டியதைத் தலைவர் கிழித்தார்,
ஆடி மாதத்தில் பேயா என்று.
'இதையம் பலவீனமானவர்கள் வரவேண்டாம்'
என்று அச்சடித்திருந்தான் கிஷோத்மன்.
தமிழாசிரியை சிவப்புப் பேனாவோடு வந்து
பன்னிரண்டைத் திருத்தினார்.

தமிழ்ப்பள்ளி மண்டபம். டிக்கெட் இரண்டு ரிங்கிட்,
கச்சான் பொட்டலம் இலவசம்.
பேய் வந்ததும் சிரித்தார்கள்.
"அது பன்னண்டு வெள்ளி சேலதானே" என்றது பின்வரிசை.

ஏழாவது நிமிடம் திரை இருண்டது.
அங்கே நான் அதை வைத்திருந்தேன்,
இருபத்து மூன்று வினாடி.
கச்சான் மெல்லும் சத்தம் நின்றது.
முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது,
அதைச் சமாதானம் செய்ய யாருக்கும் குரல் வரவில்லை.

"எப்படிப் பண்ணீங்க?"
வெளியே சூழ்ந்துகொண்டார்கள்.
தார்விந்த் என்னைப் பார்த்தான்.
காலுறை, என்றேன். மைக்கில் காலுறை கட்டினால்
அப்படித்தான் கேட்கும்.

விளக்கு: ஒரு நண்பர், என்று கடைசியில் ஓடுகிறது.
அதற்கும் கீழே என் பெயர்.

சனிக்கிழமை இரண்டாவது காட்சி.
டிக்கெட்டை மூன்று ரிங்கிட் ஆக்கிவிட்டான் தார்விந்த்.