மைனஸ் பதினெட்டு

சென்னையில், அதுவும் இந்த வெயிலில்,
கம்பளி எதுக்கு என்று கேட்காதவர்
எங்கள் பிளாக்கில் இல்லை.
மின்விசிறி வெந்நீர் இறைக்கிற ராத்திரி.
மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
நான் நூல் திரிக்கிறேன்.

தக்ளி வாங்கவில்லை.
சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்று,
வியாசர்பாடி காயலான் கடையில் பொறுக்கிய பேரிங் ஒன்று.
சுண்டிவிட்டால் சுற்றிக்கொண்டே இறங்கும்,
இரண்டாவது மாடியின் ஈர நைட்டிகளைத் தாண்டி,
முதல் மாடியில் தேசிங்கின் புறாக்கூண்டைத் தாண்டி.
தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது
கீழ்வீட்டு ரோசாரி கையில் ஏந்திக்கொள்வாள்.
"வந்துட்ச்சி, இழு."
இழுக்க இழுக்க
மூன்று மாடி உயரத்துக்கு ஒரே நூல்.

முதலில் உள்ளூர் ஆட்டில்தான் முயன்றேன்.
புளியந்தோப்புத் தொட்டிக்கு வருகிற செவலை,
நம்ம ஊர்ப் பேரையே சுமக்கிற இனம்.
தோல் கிடங்கு கன்னியப்பன் ஒரு பை நிறையச் சுரண்டிக் கொடுத்தார்.
முறுக்கினேன்.
விரலை எடுத்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியாய் விறைத்து நின்றது,
குழாயடியில் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் மாதிரி.
"இது மயிரும்மா, ரோமம் இல்ல.
வெயில்ல பொறந்தது எதுக்கு சொட்டர் போட்டுக்கும்?"

ரோமம் ஊட்டியிலிருந்து வந்தது,
கேரட் லாரியில், மூட்டைகளுக்கு அடியில்.
நீலகிரி ஆடு.
மொத்தமே சில நூறுதான் மிச்சம் என்றார் டிரைவர் போஜன்,
நேற்று எண்ணிவிட்டு வந்தவர் போல.
பைக்குள் முள், புழுக்கை,
மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு காதுவில்லை:
114.

தண்ணீர் லாரி வந்த அன்று
பிடித்த எட்டுக் குடத்தில் மூன்றை அதற்கே ஊற்றினேன்.
வீட்டில் இரண்டு நாள் என்னோடு யாரும் பேசவில்லை.
மலையின் அழுக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சளாய் இறங்கியது.
மொட்டை மாடியில் காயப்போட்டேன்.
எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பிய மதியம்
சாம்பல் வந்து உட்கார்ந்தது.
உதறினேன். எழுந்திருக்கவில்லை.
இப்போது என் நூல் வெள்ளையுமில்லை, சாம்பலுமில்லை.
துணிக்கடை வைத்திருந்தால்
அந்த நிறத்துக்கு ஒரு பேர் வைத்துக் காசு பார்த்திருப்பேன்.

சரி, கம்பளி எதுக்கு?

காசிமேட்டில் ஒரு கதவு இருக்கிறது,
என் முழங்கை நீளம் தடிமன்.
இந்தப் பக்கம் அக்னி நட்சத்திரம்,
அந்தப் பக்கம் மைனஸ் பதினெட்டு.
நானும் சகாயராணியும் உள்ளே இறால் பெட்டி அடுக்குகிறோம்.
கம்பெனி கொடுத்தது ரப்பர் கையுறை.
நம் வியர்வையே அதற்குள் நமக்குப் பனிக்கட்டி.
சகாயராணியின் இடது சுண்டுவிரல் நுனி
போன வருஷத்திலிருந்து எதையும் சொல்வதில்லை.
டீ கிளாஸைத் தொட்டுவிட்டு
சூடா இல்லையா என்று
பக்கத்து விரலைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள்.

குடைக்கம்பியை ஒடித்துத் தேய்த்த ஊசியில் பின்னினேன்.
கட்டைவிரலுக்கு ஒரு அறை,
மற்ற நாலுக்கும் சேர்த்து ஒன்று.
நூல் மூன்று கைக்குத்தான் வந்தது.
இரண்டு அவளுக்கு.
ஒன்று எனக்கு, வலதுக்கு.
இடதை அவ்வப்போது அக்குளில் செருகிக்கொள்கிறேன்.
ஒரு இழை இறாலில் விழுந்தாலும் கப்பல் திரும்பிவிடும் என்று
சூப்பர்வைசர் கத்தினார்.
ரப்பரை அதற்கு மேலே மாட்டிக் காட்டினோம்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
போய்விட்டார்.

வெளியே வந்து ரப்பரைக் கழற்றினால்
கடற்காற்று மொத்தமும் கையில் வந்து ஒட்டும்.
ரோமம் நனையும்.
மூன்று குடத்தில் போய்விட்டது என்று நினைத்த வாடை
மெல்ல எழுந்து வரும்,
மீன் வாடையையும் தள்ளிக்கொண்டு.

டீக்கடைக்காரர் மூக்கைச் சுருக்கினார்:
"இன்னாமா, ஆடு வளக்கிறியா?"

ஒண்ணே ஒண்ணு, என்றேன்.
நூத்திப் பதினாலு.