நடுப்பக்கம்

அம்மாபேட்டையில் என் மேசை
கீழ்வீட்டு விசைத்தறியோடு சேர்ந்து நடுங்கும்.
திரையில் நான் இழுக்கிற கோடு
காலை ஒன்பது மணிவரைதான் நேர்க்கோடு.

ஏற்காட்டிலிருந்து எமல்டா அனுப்பியிருந்தாள்
பதினான்கு படங்கள்.
அவளுக்குப் பகலில் காப்பித் தோட்டத்துக் கணக்கு,
ராத்திரியில் காட்டெருமை.
வெள்ளைக் காலுறை மாட்டிய கன்று ஒன்று
பள்ளிக்கூடம் கிளம்பிய மாதிரி நிற்கிறது
சில்வர் ஓக் மரத்தடியில்.
ஒரு படத்தின் ஓரத்தில் மிளகு ரசத்தின் கறை.
அழிக்கப் போனவள்
மேகமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

கதை சின்னது.
பனிமூட்டத்தில் கன்று அம்மாவைத் தவறவிடும்.
பனி விலகும். அம்மா அங்கேயேதான் நிற்கும்.
எழுதியவர் இருநூற்று நாற்பது சொல் தந்தார்.
'அடர்ந்த'வை வெட்டினேன்,
'மெல்ல மெல்ல'வில் ஒரு மெல்லவை வெட்டினேன்,
நின்றது எண்பத்தொன்று.
மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை.

பதினாறு பக்கமும் ஒரே தாளில் அச்சாகும்.
மடிப்பதற்கு முன் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும் நீங்கள்.
ஐந்தில் தொலைகிற கன்றும்
பன்னிரண்டில் காத்திருக்கிற தாயும்
அடுத்தடுத்து, தலைகீழாக,
மூக்கோடு மூக்கு உரசுகிறாற்போல.
யாரும் யாரையும் தொலைக்கவில்லை.
மடித்தால்தான் பிரிவு.
மடித்து, வெட்டி, நடுவில் பின் அடித்தால்தான்
கதை.

எட்டும் ஒன்பதும் நடுப்பக்கம்.
அங்கே ஒன்றுமே வைக்கவில்லை. பனி.
செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில் ரவூப் பாய்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"ஃபைல் சரியா வரலையாம்மா?"
பனி என்றேன்.
"பனி சரி. வெள்ளைக்கு மை கிடையாது, தெரியுமில்ல?
வெள்ளைன்னா அது காகிதம்தான்.
காகிதத்துக்குக் காசு உண்டு."
நாலு தாள் எடுத்துப் போட்டார்.
ஒன்று பால், ஒன்று சுண்ணாம்பு,
ஒன்று ரயிலில் போகும்போது தெரியும் மாக்னசைட் குன்று,
ஒன்று நாலைந்து தரம் துவைத்த வேட்டி.
வேட்டியை எடுத்துக்கொண்டேன்.

மாதிரிப் பிரதியோடு
இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறினேன்.
பதினேழாவதில் குமட்டியது.
நாகலூர் அங்கன்வாடியில் பதினொரு பிள்ளைகள்.
ஒருவன் அட்டையின் முனையைக் கடித்துப் பார்த்தான்
(முனைகளை வட்டமாக்கணும், குறித்துக்கொண்டேன்).
இன்னொருத்தி, பெயர் மௌனிகா,
வாய் ஓயாதவள்,
நடுப்பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்தினாள்.
எனக்குள் ஒரு பேருரை தயாராக இருந்தது
வெறுமை பற்றி, பிள்ளைகளின் கற்பனை பற்றி.

அவளோ புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள்.
மடிப்பில் மேலும் கீழுமாய் இருந்த இரண்டு பின்கள்
இப்போது அக்கம்பக்கமாய்,
இரண்டு சின்னக் கோடு.
"கண்ண மூடிக்கிச்சு" என்றாள்.
"பயந்துக்கிச்சு. சத்தம் போடாத."

நான் போடவில்லை.

பின்னைத் தடவிய விரலை டீச்சர்தான் விலக்கினார்.
"குத்திடும்ங்க. புள்ளைங்க புஸ்தகத்துல பின் வேணாமே."
அவர் சொன்னதும் சரி.

இறங்கும் பஸ்ஸில் ரவூப் பாய்க்கு போன்.
பின்னுக்குப் பதில் நூல். கறுப்பு நூல்.
இரண்டே இரண்டு தையல், நடுவில் இடைவெளி விட்டு.
"கறுப்பா? வெள்ளையில பளிச்சுனு தெரியுமேம்மா."
தெரியட்டும்.
"எவ்வளவு இடைவெளி?"

எமல்டாவைக் கேட்டேன்,
கன்றின் கண்ணுக்கும் கண்ணுக்கும் எத்தனை விரல் என்று.
சிக்னல் போய்ப் போய் வந்து
அடிவாரத்தில்தான் பதில் கிடைத்தது:
"தினமும் காப்பிச் செடிக்குள்ள வருது.
கிட்டப் போய் அளக்க
நீ வா."